ரோஸ்லின் என்ற பெயர்ப்பலகை

சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் வியாதி தீர்ந்ததைச் சொல்வார்கள், வேலை கிடைத்ததைச் சொல்வார்கள். நான் சொல்லப்போவது ஒரு பெயர்ப்பலகையைப் பற்றி. சிரிக்காதீர்கள். அந்தப் பலகை என்னைப் பைத்தியமாக்கப் பார்த்தது.

நாங்கள் திண்டுக்கல் பக்கம். கிணற்றையும் கண்மாயையும் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காத ஊர். அறுபதுகளின் தொடக்கத்தில், அந்தமான் போர்ட் பிளேயரில் டைப் அடிக்க ஆளில்லாமல் ஆபீசெல்லாம் தவிக்கிறது, ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பி என் வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார். மெட்ராசில் கப்பல் ஏறினோம். பழைய மிஷின்கள் சரக்கோடு கீழே. எங்கள் மகள் ரோஸ்லின் என் மடியில். மூன்று வயது. இன்ஸ்டிடியூட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்று வழியெல்லாம் எங்களுக்குள் ஒரே கேலி. அவர் மாடர்ன் என்பார். அது சலூன் பெயர் என்பேன் நான். சூசையப்பர் பெயரை வைக்கச் சொன்னேன். சூசையப்பருக்குத் தச்சுவேலைதானே தெரியும் என்றார்.

மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியது. கப்பல் டாக்டர் தன்னால் ஆனதைப் பார்த்தார். நடுக்கடலில் போய்விட்டாள்.

கரை வரும்வரை வைத்திருக்க முடியாது என்றார்கள். என் கல்யாணச் சேலையில் சுற்றி, கனத்துக்கு இரும்பு வைத்துத் தைத்து, கடலில் இறக்கினார்கள். குழி இல்லை, சிலுவை இல்லை. ஒரு பிடி மண் போடக்கூட எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. கப்பல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

போர்ட் பிளேயரில் டெலானிபூர் பகுதியில் ஒரு மரவீட்டை வாடகைக்குப் பிடித்தோம். முன்கூடம் இன்ஸ்டிடியூட்டுக்கு, பின்கட்டு குடித்தனத்துக்கு. பெயர் சொல்ல ஆளாளுக்கு வந்தார்கள். வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லார் வாயிலும் நுழைகிற பெயராக வையுங்கள் என்றார்கள். இங்கிலீஷில் எழுதினால் பார்வையாக இருக்கவேண்டும் என்றார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒருநாள் படாக் மரப்பலகை ஒன்றில் பெயின்ட் ஈரம் காயாமல் கொண்டுவந்து வாசலில் மாட்டினார். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. ஆனால் அந்த எழுத்துகளை என் பிள்ளையின் ஞானஸ்நானச் சீட்டில் பார்த்திருக்கிறேன். ரோஸ்லின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்.

ஏன் என்று கேட்டேன்.

"பொதைக்க ஒரு சாண் மண்ணு கெடைக்கல லூர்து. பேராவது ஒரு எடத்துல இருக்கட்டும்" என்றார்.



ஊரெல்லாம் நல்ல பெயர் என்றது. ராசியான பெயர் என்றது. அதுவும் உண்மைதான். காலையிலிருந்து சாயங்காலம்வரை மிஷின் ஓயவில்லை. எனக்குத்தான் ஓய்வில்லாமல் போயிற்று. "ரோஸ்லின் திறந்தாச்சா?" என்று வாசலில் கேட்பார்கள். "இன்னிக்கு ரோஸ்லின் சீக்கிரம் மூடிருச்சு" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். வீட்டுக்குள் நாங்கள் இருவரும் அந்தப் பெயரை உச்சரித்ததே இல்லை. தெருவில் அது நாளெல்லாம் கிடந்து உருண்டது.

டைப்ரைட்டிங் படித்தவர்களுக்குத் தெரியும். புதுத் தாளை மாட்டியதும் தலைப்பில் இன்ஸ்டிடியூட் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கவேண்டும். என் வீட்டுக்காரர் அதில் கண்டிப்பு. மணிக்கு மணி புதுக் கூட்டம் வரும். எல்லாரும் ஒன்றாக அடிப்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்படியில் உட்கார்ந்து என் பிள்ளையின் பெயர் தட்டப்படுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு எழுத்தும் இரும்பில் விழும். அரிசி களைந்த கை அப்படியே நிற்கும்.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். எல்லாரும் போய்விட்டார்கள், அவரும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கூடத்தில் ஒற்றை மிஷின் தட்டுகிற சத்தம். குழந்தை விளையாட்டாகத் தட்டுகிற மாதிரி, விட்டு விட்டு. போய்ப் பார்த்தேன். ஆளில்லை. கடைசி மிஷினில் ஒரு தாள் இருந்தது, அதன் தலைப்பில் பெயர் மட்டும். யாரோ பாதியில் விட்டுப்போன தாள்தான். கூரையில் மழை சொட்டியிருக்கும். எனக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த நாற்காலி சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

அப்போது நான் மறுபடி முழுகாமல் இருந்தேன். ஆறாம் மாதம். வயிற்றில் அசைவதைக்கூடக் கவனிக்கவில்லை. சோறு இறங்கவில்லை. இப்படியே போனால் இந்தப் பிள்ளையும் தங்காது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

பழைய தாள்களை என் வீட்டுக்காரர் பஜாரில் மளிகைக்கடை பாய்க்குக் கொடுத்துவிடுவார். பாய் கீழக்கரைக்காரர், தங்கமான மனிதர். ஒருநாள் பொட்டுக்கடலை வாங்கினேன். மடித்துக் கொடுத்த பொட்டலத்தின் மேலேயே ரோஸ்லின், எண்ணெய்க் கறையோடு. பாய் வெள்ளந்தியாகச் சிரித்தார். "ஒங்க இன்ஸ்டிடியூட் காயிதந்தாம்மா" என்றார். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. பலகையைக் கழற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த கப்பலில் மெயின்லேண்ட் போய்விடுவேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.  அவர் எழுந்து போய்ப் பலகையைத் துணியால் துடைத்தார். நான் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

பிறகு ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். பக்தியோடு எடுத்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். சண்டை போடத்தான் எடுத்தேன். மாதாவே, உமக்காவது பிள்ளையை மடியில் கிடத்திப் பார்க்கக் கொடுத்தார்கள், உமக்காவது ஒரு கல்லறை இருந்தது என்றேன். ஒன்று அந்தப் பெயரை எடும், இல்லை என் காதை எடும் என்றேன். கப்பலுக்குக் காத்திருந்த நாளெல்லாம் இதே ஜெபம்.

கல்லறைத் திருநாள் வந்தது. பூசை முடிந்து எல்லாரும் மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். நான் வாங்கிய மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். உள்ளே போய் யார் குழியில் ஏற்றுவது? பக்கத்தில் புத்னி வந்து நின்றாள். ராஞ்சிக்காரி, ரோடு வேலை பார்ப்பவள். அவள் புருஷன் வடக்கே காட்டிலாகா வேலையில் மரத்தெப்பத்தோடு கடலில் போனவன், உடல் கிடைக்கவே இல்லை. எனக்கு அதுவரை தெரியாது.

"சலோ தீதீ" என்று கையைப் பிடித்தாள். வா அக்கா, என் ஆளும் அங்கேதான் இருக்கிறான் என்று இந்தியில் சொன்னாள்.

கடற்கரைக்கு அழைத்துப்போனாள். எனக்கு முன்னால் அங்கே நாலைந்து பேர் இருந்தார்கள், எல்லாரும் குழியில்லாதவர்களுக்கு உரியவர்கள். புத்னி ஈர மணலைக் கையால் தோண்டினாள். காற்றுக்கு மறைவாகத் தேங்காய்த்தொட்டி ஒன்றை வைத்து, அதற்குள் என் மெழுகுவர்த்தியை நட்டாள். பிறகு கடலைப் பார்த்துத் தன் புருஷனைச் சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என்னையும் கூப்பிடச் சொன்னாள்.  முக்கி முனகி, "ரோஸ்லின்" என்றேன். கப்பலுக்குப் பிறகு அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

பின்னாலிருந்து இன்னொரு குரலும் அதே பெயரைச் சொன்னது. திரும்பினேன். என் வீட்டுக்காரர். கோயிலிலிருந்து என் பின்னாலேயே வந்திருக்கிறார். அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"இங்க வந்து நிக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லியே லூர்து" என்றார்.

வீடு திரும்பியதும் அவரே ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார்.  நீயே ஒரு பெயர் சொல்லு என்றார். யோசிக்கவே இல்லை, டெலானிபூர் என்று வையுங்கள் என்றேன். நாம் இருக்கிற இடம்தானே. இதற்கா இவ்வளவு நாள் யோசித்தீர்கள் என்று பாய் கேட்டார். கேட்டுவிட்டுப் போகட்டும். மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின்கள் ஓடின. எனக்கு மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. கட்டிய பெட்டியை அவிழ்த்தேன். வயிற்றில் பிள்ளை உதைத்தான், வலிக்க வலிக்க உதைத்தான்.

அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். உனக்கு ஒரு அக்கா இருந்தாள், ரோஸ்லின் என்று பெயர், மகா பிடிவாதக்காரி என்று சாப்பாட்டு நேரத்தில் அவனுக்குக் கதை சொல்கிறோம். மாதா என் காதை எடுக்கவில்லை. பெயரையும் எடுக்கவில்லை. பலகையிலிருந்து இறக்கி எங்கள் வாயில் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு நன்றி சொல்லி எனக்கு மாளாது.

கடல் கொண்ட பிள்ளை, காடு கொண்ட புருஷன் என்று உங்களிலும் எத்தனையோ பேர் இருப்பீர்கள். மாதாவோடு சண்டை போடுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். வருகிற கல்லறைத் திருநாளுக்கு நானும் புத்னியும் கரையில் இருப்போம். மெழுகுவர்த்தி எங்களிடம் இருக்கிறது. நீங்கள் வந்து உங்கள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.