சிவப்புக் கோடு போட்ட போல்ட்

எஸ்தர் அக்கா இறந்த செய்தி வந்தபோது, இரண்டாம் ஷிப்டுக்குப் போகப் பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "செயின் பிளாக்லருந்து கூடை வுழுந்துட்ச்சு மச்சான். கீழ அக்கா..." என்று முதல் ஷிப்டில் இருந்த தேவா ஃபோனில் அழுதான். நான் அழவில்லை. "செயின் அறுந்துச்சா, போல்ட் உடைஞ்சுச்சா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் பட்டறைக்காரர்களுக்கு அவரைத் தெரியும். பீர்க்கன்கரணையிலிருந்து சைக்கிளில் வருவார். குரோமியம் கலந்த எஃகு போல்டுகளைச் சிவக்கக் காய்ச்சி, இரும்புக் கூடையோடு செயின் பிளாக்கில் தூக்கி எண்ணெயில் அமிழ்த்துவது நம் வேலை. சோதித்து அனுப்புவது அவர் வேலை. எண்ணெயில் முங்கிய எஃகு கடினமாகிவிடும். ஆனால் மிதமான சூட்டில் மறுபடி வைத்தெடுக்காவிட்டால் படீரென்று உடையும். ஆர்டர் அவசரமென்றால் மேனேஜர் வெட்டுவது அந்த இரண்டாவது சூட்டைத்தான்.

அப்படி வந்த ஒரு லாட் முழுவதையும், போல்டுகளின் தலையில் சிவப்புக் கோடு போட்டு அக்கா ஒதுக்கினார்.

"ஹார்ட்னஸ் அறுபதைத் தாண்டுது எஸ்தர். இதவிட ஸ்ட்ராங்கா எங்க கிடைக்கும்?" என்றார் மேனேஜர்.

"கண்ணாடி கூடத்தான் சார் ஹார்டா கீது. அதுல தொங்குவீங்களா?"

"பெயின்ட் அடிக்க இது உன் வீட்டுக் கதவா?"

"எங்க வூட்டுக் கதவுக்கு இதவிட நல்ல பெயின்ட் வாங்குவோம் சார்."

நாம் சிரித்தோம். லாட் வெளியே போகவில்லை.

போன வாரம் செயின் பிளாக்கைத் தாங்கும் போல்ட் தேய்ந்துபோனது. அக்கா ஒதுக்கிய பெட்டியிலிருந்தே ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார் மேனேஜர். "வெளிய அனுப்பத்தான் கூடாது. நமக்கு இது போதும்." வாடிக்கையாளரின் வண்டிக்கு ஆகாதது நம் தலைக்கு மேல் ஆகுமாம். ஸ்பானர் பிடித்து இறுக்கியவன் நான். கோட்டைப் பார்த்தேன். பார்த்தும் இறுக்கினேன்.

இப்போது கேட்டில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்: விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு. பக்கத்திலேயே மாலை போட்ட அவர் படம். ஒட்டியவர்களுக்கு வெட்கமாக இல்லையா? அந்தப் பட்டறையில் கவனமாக இருந்த ஒரே ஆள் அவர்தான்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூலையில் கிடந்த போல்டின் தலையை எடுத்துக்கொண்டேன். வளையாமல் படீரென்று உடைந்த இடம் உப்புக்கல் போல மினுங்குகிறது. மேலே அக்காவின் கோடு அழியவில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். விசாரணைக்கு வரும் அதிகாரியின் மேஜையில் இதை வைப்பேன். மாட்டியவன் நான் என்றும் சொல்வேன். அந்தப் பெட்டியைப் பார்த்தவர்கள் நீங்களும் இருக்கிறீர்கள். அக்கா கோடு போட்டபோது சிரித்ததோடு நின்றுவிட்டோம். இந்த முறையாவது பக்கத்தில் வந்து நில்லுங்கள்.