நகரிக்கும் சத்தியவேட்டுக்கும் ஒரே புத்தகம்

புத்தகத்தை இரவல் கொடுப்பவன் முட்டாள் என்பார்கள். அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆசையாக வாங்கிய புத்தகத்தை மைத்துனரிடம் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி.

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில், கிளை நூலகத்தில் நான் நூலகர். எங்கள் கவுண்டரில் அதிகம் புழங்கிய சொல் "இல்லை". வாசகர் எது கேட்டாலும் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துப்போனது. அதனால் நகரி, புத்தூர், சத்தியவேடு கிளைகளும், சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள சில கல்லூரி நூலகங்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். ஒருவரிடம் இல்லாததை இன்னொருவர் அனுப்ப வேண்டும். அனுமதி மேலிடத்தில் வாங்கினோம், யோசனை எங்களுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

பீரோவில் இருந்த பொக்கிஷம்

செல்வராணி நகரியில் பவர்லூம் வைத்திருக்கும் வீட்டுப் பெண். தமிழ் மீடியம் டீச்சர் வேலைக்கு டி.எஸ்.சி. பரீட்சை எழுதத் தயாராகிக்கொண்டிருந்தாள். கல்வி உளவியல் பாடத்துக்குத் தெலுங்கில் புத்தகம் குவிந்து கிடக்கிறது. திருத்தணியில் தமிழில் கிடைக்கிறது, ஆனால் அது தமிழ்நாட்டு சிலபஸ். ஆந்திர சிலபஸுக்குத் தமிழில் வந்த ஒரு பழைய புத்தகம் மறுபடி அச்சாகவே இல்லை. குழுவில் கேட்டேன். சித்தூரில் ஒரு கல்லூரி நூலகர், ரமணய்யா காரு, தன்னிடம் இருப்பதாக போட்டோ அனுப்பினார். புத்தகத்தை அனுப்பவில்லை.

நேரிலேயே போனேன். பீரோவைத் திறந்து காட்டினார். ஒரு கை கூடப் படாத புத்தகம். "பாத்தீங்களா, எப்படி வச்சிருக்கேன்!" என்று பூரித்துவிட்டு மறுபடி பூட்டினார். அந்த நேரம் பார்த்து பிரின்சிபால் உள்ளே வந்தார். கல்லூரியின் தரம் பார்க்க வரும் கமிட்டி, எந்தெந்த நூலகங்களோடு புத்தகம் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறதாம். ரமணய்யா காரு என்னைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், சாவியை எடுத்தார். "இதோ நகரி சாரே வந்துட்டாரு, மேடம்! அவுங்களுக்கு இல்லேன்னு நாம எப்பவாச்சும் சொல்லியிருக்கோமா?"

ஏற்றிச் செல்பவரின் உரிமை

எங்கள் புத்தகங்கள் பஸ்ஸில்தான் போகும். ஆரம்பத்தில் கண்டக்டர்கள் முகம் கொடுத்தே பேசமாட்டார்கள். புத்தூர் ரூட்டில் வரும் ஒரு கண்டக்டர் மட்டும் பார்சலை வாங்கித் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். மழைநாளில் தன் துண்டையே அதன்மேல் போர்த்தியிருந்ததைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "தேங்க்ஸ் இருக்கட்டும் சார். ஊரான் புக்கையெல்லாம் தூக்கிக்கினு போறேனே, எனக்கு ஒரு மெம்பர் கார்டு போடமாட்டீங்களா?"

வராத வியாழக்கிழமை

அந்த உளவியல் புத்தகத்தை சத்தியவேட்டிலிருந்து மாலதி என்ற பெண்ணும் கேட்டாள். விவசாயக் குடும்பம், அதே பரீட்சை, அதே தமிழ் மீடியம். ஊர்கள் இப்போது வேறு வேறு மாவட்டமாகிவிட்டாலும், போஸ்ட் பழைய சித்தூர் மாவட்டக் கணக்கில்தான். தமிழ் மீடியத்துக்கு இருப்பதோ விரல்விட்டு எண்ணும்படியான வேலைகள். செல்வராணி வியாழக்கிழமை திருப்பித் தந்தால் மாலதிக்குப் போகும். இதை நான் செல்வராணியிடம் மறைக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் நூலகங்களுக்கு வார விடுமுறை. சனிக்கிழமையும் காணவில்லை. இந்த ஒரு புத்தகம் திரும்பாவிட்டால் எந்த பீரோவும் இனி எங்களுக்குத் திறக்காது என்ற பயத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே, ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் புத்தகம் திறந்திருந்தது. அதட்டத்தான் போனேன், அவள் முந்திக்கொண்டாள். மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "குடுத்தா அந்தப் பொண்ணு பாஸாயிடும் சார். குடுக்காம வச்சிக்கினா நான் பாஸாயிடுவேனா? ரெண்டு நாளா அதைத்தான் யோசிச்சிக்கினு இருக்கேன்."

கட்டுப் போட்டவர்களோடு ஞாயிற்றுக்கிழமை

அவளை அந்தக் குழப்பத்திலேயே விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. புத்தகம் இரண்டு ஊருக்கும் வேண்டாம், நடுவில் புத்தூரில் இருக்கட்டும். இரண்டு பேரும் ஞாயிறுதோறும் அங்கே வரட்டும் என்றேன். புத்தூர் நூலகர் சரி என்றார். செல்வராணி புத்தகத்தோடு வந்தாள். மாலதி விடிகாலையில் பால் கறந்துவிட்டு முதல் பஸ்ஸில் வந்தாள். முதல் வாரம் மருமகளும் நாத்தனாரும் மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முறைவைத்துப் படித்தார்கள். அப்படிப் படித்தால் பாதிப் புத்தகம்கூட முடியாது என்று இருவருக்குமே தெரிந்துபோனது. அடுத்த வாரம் ஒருத்தி வாய்விட்டுப் படிக்க, இன்னொருத்தி குறித்துக்கொண்டாள்.

எலும்பு முறிந்து புத்தூருக்குக் கட்டுப் போட வருகிறவர்கள் அந்த நூலகத்து வாசிப்புக் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டு உட்கார்வதுண்டு. அன்று கையில் கட்டோடு ஒரு பெரியவர். சத்தம் அவருக்குத் தொந்தரவோ என்று மாலதி சட்டென்று குரலை நிறுத்தினாள். அவர் பேப்பரைக் கீழே வைத்தார். "ஏம்மா நிறுத்திட்ட? புள்ளைங்க எதுக்குப் பொய் சொல்லுதுங்கன்னு சொல்லிக்கினு வந்தியே, அதை முடிச்சிடு. எங்க ஊட்லயும் ஒண்ணு கீது."

ரிசல்ட் வந்த பிறகு

மாலதிக்கு வேலை கிடைத்தது. செல்வராணிக்குக் கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. குழுவில் எல்லோரும் கைதட்டும் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை வரவில்லை. கெட்டிக்காரத்தனமாக யோசனை சொல்லி ஒரு பெண்ணின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கிவிட்டோமோ என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

சில நாள் கழித்து செல்வராணி நூலகத்துக்கு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அந்தப் புத்தகத்தை நீயே வைத்துக்கொண்டிருந்தால், என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "வச்சிக்கினு இருந்தா பாதிப் பாடம் எனக்குப் புரிஞ்சே இருக்காது சார். மாலதிதான் புரிய வச்சா. அவ இனிமே எழுதமாட்டா. அடுத்த பரீட்சை வரிக்கும் அந்த புக்கை என் பேர்லயே போடுங்க. வேற யார் கேட்டாலும் புத்தூருக்கு வரச் சொல்லுங்க, நான் படிச்சிக் காட்டறேன்."

ஒரே புத்தகத்தை வைத்து ஒருத்திக்கு வேலையும் இன்னொருத்திக்கு அதே புத்தகமும் வாங்கிக் கொடுத்த பெருமை இந்த வட்டாரத்தில் எங்கள் குழுவுக்கு மட்டும்தான் உண்டு. இதில் எது பெரிய லாபம் என்று தயவுசெய்து செல்வராணியிடம் கேட்டுவிடாதீர்கள்.