கழுத்துக்குக் கீழே மட்டும்

"பெல்ட் கட்டாமல் விட்டது நல்லது. இன்றைக்கு அந்தக் கோட் இன்னும் அழகாக இருந்தது."

ஜெர்மன் மொழியில் இந்த இரண்டு வரிகளும் என் வலைப்பூவில் வந்திருந்தன. மூன்று நாட்களுக்கு முன் நான் போட்ட சாம்பல் நிறக் கோட்டுப் படத்தின் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். அந்தப் படத்தில் கோட்டுக்கு மேல் அகலமான கறுப்புப் பெல்ட் கட்டியிருந்தேன். பெல்ட் இல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு போனது அன்று காலையில்தான். அன்று நான் படம் எதுவும் எடுக்கவில்லை.

வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை வாசித்தபோது எழும்பிப் போய் யன்னல் திரையை இழுத்து மூடினேன்.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. டோர்ட்மண்டில் ஒரு துணிக்கடையில் அவுஸ்பில்டுங் செய்துகொண்டிருந்தேன். கடையில் வேலை பழகுவதும் வாரத்தில் இரண்டு நாள் தொழிற்பாடசாலைக்குப் போவதும்தான் அது. எனக்குப் பத்தொன்பது வயது. உடுப்பைப் பற்றிப் பெட்டையள் தாங்களாகவே எழுதும் பக்கங்கள் அப்போதுதான் இணையத்தில் வரத் தொடங்கியிருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் நானும் ஒன்றைத் திறந்தேன். பழைய உடுப்புக் கடையில் எடுத்த பாவாடையை எதோடு போடலாம், எங்கள் தோல் நிறத்துக்கு எந்தக் கடுகு மஞ்சள் பொருந்தும், அம்மாவின் காஞ்சிபுரச் சேலைச் சட்டையை ஜீன்ஸோடு போட்டால் எப்படி இருக்கும் என்றெல்லாம் எழுதினேன். படம் எடுப்பது தங்கச்சி. அவளுக்குப் பதினைந்து வயது. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் கராஜ்கள் நிற்கும் முற்றத்தில் எடுப்போம். எல்லாப் படத்தையும் கழுத்தோடு வெட்டிவிடுவேன். மாதா கோயிலுக்கு வரும் தமிழ்ச் சனம் ஆராவது கண்டாலும் இது ஆரென்று தெரியக் கூடாது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியவே கூடாது.

தெரிந்தால் அடிவிழும் என்ற பயம் இல்லை. வெட்கம்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் வன்னிப் போர்ச் செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வேலையால் வந்து சப்பாத்தோடேயே அதற்கு முன்னால் நிற்பார். அம்மா அங்கே இருந்த தன் தமையன் குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் செபமாலையோடு இருப்பா. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து நான் கோட்டுப் பொத்தானைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

முதல் பின்னூட்டத்தைத் தங்கச்சிக்கு மட்டும் காட்டினேன்.

"உன்ர கடையில வேலை செய்யிற ஆரும் பகிடிக்கு எழுதியிருப்பினம், அக்கா."

"கடையில ஒருத்தருக்கும் இதைப் பற்றித் தெரியாதடி."

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சத்தியமா."

அடுத்த கிழமை இன்னொன்று வந்தது. "இந்த மழைக்குத் துணிச் சப்பாத்து சரிவராது. கால் நனைந்திருக்கும்." கால் நனைந்துதான் இருந்தது. பிறகு இரண்டு நாள் காய்ச்சலில் வீட்டில் கிடந்தேன். மூன்றாவது பின்னூட்டம் அப்போது வந்தது. "நேற்றும் இன்றும் உங்களைக் காணவில்லை. சுகமில்லையா?"

ஒரு கெட்ட சொல் இல்லை. "நீ" என்றுகூட இல்லை, மரியாதையாக "உங்களை" என்றுதான் எழுதியிருந்தது. அந்த மரியாதைதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது.

காலையில் அலுமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பேன். எதைப் போட்டாலும் ஒருவன் பார்க்கப் போகிறான். தங்கச்சியின் பெரிய மழை ஜாக்கெட்டைப் போட்டு, தொப்பியை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுப் போனேன். ட்ராமில் எதிரே இருந்து பத்திரிகை வாசித்த ஒருவர் இரண்டு தரம் நிமிர்ந்து பார்த்தார். அவர்தான் என்று நினைத்து, இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு தரிப்பு முன்னாலேயே இறங்கி ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அவர் ட்ராமுக்குள்ளே இருந்து, நான் விட்டுவிட்டு வந்த கையுறையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கதவு மூடிவிட்டது. அன்று மாலை வந்த பின்னூட்டம் இப்படி இருந்தது: "அந்த ஜாக்கெட் உங்களுடையது இல்லை."

அதற்குப் பிறகு என்னால் ஏலாமல் போய்விட்டது.

அப்பாவுக்கு ஒரு பார்சல் கிடங்கில் வேலை. காலைமுறை என்றால் மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அன்று நான் தொழிற்பாடசாலையால் நேரத்துக்கே வந்திருந்தேன். அம்மா அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலைக்குப் போயிருந்தா. அப்பா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒருத்தன் என்னைப் பார்த்துக்கொண்டு திரியிறான்."

கேத்திலைக் கீழே வைத்தார். "ஆர்?"

"தெரியாது. எழுதுறான்."

"எங்கை எழுதுறான்? கடிதமே?"

அதற்குப் பதில் சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னேன். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"கொண்டுவந்து காட்டு."

மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டார். பின்னூட்டங்களை மட்டும் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் எல்லாவற்றுக்கும் கீழே போய், முதலாவது பதிவிலிருந்து தொடங்கினார். அவருக்கு ஜெர்மன் வாசிப்பு மெதுவாகத்தான் வரும். விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய வாசித்தார். முழங்காலுக்கு மேல் நிற்கும் பாவாடைப் படம் வந்தபோது நான் யன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

"இது எங்கை எடுத்தது?"

"பின்முற்றத்தில, அப்பா."

"ம்."

ஒவ்வொரு படத்துக்கும் அதே கேள்விதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் கிடந்த விளம்பரத் தாளின் வெறும் பக்கத்தில் பின்னூட்டம் வந்த நாட்களை எழுதினார். நான் கடைக்குப் போன நாள், பாடசாலைக்குப் போன நாள் எல்லாவற்றையும் கேட்டுப் பக்கத்தில் குறித்தார்.

"ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போறதை ஒண்டும் எழுதேல்லை. பின்னேரம் வாறதையும் எழுதேல்லை. காலமைதான் காணுறான். ட்ராம் எடுக்கிற இடத்திலதான் காணுறான்." பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆனா நீ தலையை வெட்டிப்போட்டெல்லே படம் போட்டிருக்கிறாய்? அப்ப இது நீதான் எண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

இவ்வளவு நாளும் எனக்கு வராத கேள்வி அது.

அவர் திரும்பவும் பதிவுகளைப் புரட்டினார். ஒன்றில் நிறுத்தி, முதல் வரியைத் தொட்டார். "வீட்டு இணையம் வேலை செய்யாததால் இதை வெளியிலிருந்து எழுதுகிறேன்" என்று நானே எழுதியிருந்தேன்.

"இதை எங்கை இருந்து போட்டனி?"

ட்ராம் தரிப்புக்கு முன்னால், பெரிய கண்ணாடி முகப்போடு ஒரு டெலிபோன் கடை இருந்தது. அப்பா ஊருக்குக் கதைக்க டெலிபோன் அட்டை வாங்குவது அங்கேதான். பின்பக்கம் நாலு கணினிகள் இருக்கும். அன்று நான் பதிவைப் போட்டுக்கொண்டிருந்தபோது கடைக்காரர் பின்னால் வந்து நின்று, "நல்ல படங்கள்" என்று சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அம்மா வந்ததும் வீட்டில் பெரிய சத்தம். எனக்கு விழுந்த ஏச்சைவிடப் படம் எடுத்த தங்கச்சிக்குத்தான் கூட விழுந்தது.

"இஞ்சருங்கோ, அதை இப்பவே அழிக்கச் சொல்லுங்கோ. ஒருத்தரோடயும் கதைக்கப் போக வேண்டாம். வெளியில தெரிஞ்சால் எங்களுக்குத்தான் மானக்கேடு."

"அழிச்சாலும் அவன் அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலதானே இருக்கப் போறான்," என்றார் அப்பா. "பிள்ளை நாளைக்கும் அதாலதான் போகோணும்."

அடுத்த நாள் பின்னேரம் அப்பாவும் நானும் போனோம். கடையில் வேறு ஆட்கள் இல்லை. கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். அப்பாவைக் கண்டதும் வழக்கம்போலச் சிரித்து, கேட்காமலே இலங்கைக்குக் கதைக்கும் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அப்பா அதைத் தொடவில்லை. ஜெர்மனில் "என் மகள்" என்று தொடங்கினார். அதற்கு மேல் அவருக்குச் சொல் வரவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு."

என்னைப் பற்றிய கதையை நானே மொழிபெயர்க்க வேண்டும். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"இணையத்தில் ஒருவர் என்னைப் பற்றி எழுதுகிறார். நான் காலையில் போவதைப் பார்த்து எழுதுகிறார்."

"அப்படியா? எனக்கு ஒன்றும் தெரியாதே," என்றார். கொஞ்சம் பொறுத்து, தோளைக் குலுக்கினார். "கெட்டதாக ஒன்றும் எழுதவில்லைத்தானே. கோட் அழகு என்று சொன்னால் அது குற்றமா?"

நான் கோட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார்.

"அப்பா, இவர்தான்."

அப்பா மேசையின் விளிம்பைப் பிடித்தார். அடித்துவிடுவார் என்று பயந்தேன். அடித்தால் எங்கள் விசா, அவரின் வேலை என்று ஒவ்வொன்றாக மனதில் ஓடியது. அவர் குரலை உயர்த்தாமல், தமிழில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"இவருக்குச் சொல்லு. என்ர மகள் படம் போடுறது பார்க்க விரும்பிறவை பார்க்கத்தான். அது அவளின்ர விருப்பம். ஆனா றோட்டில போற பிள்ளையைக் கணக்கெடுக்க இவருக்கு ஒருத்தரும் அனுமதி குடுக்கேல்லை. இன்னொரு வரி வந்தால் தாளோட நான் பொலிசுக்குப் போவன்."

சட்டைப் பையிலிருந்து அந்த விளம்பரத் தாளை எடுத்து விரித்து வைத்தார்.

நான் மொழிபெயர்த்தேன். ஆனால் "என் மகள்" என்ற இடத்தில் "நான்" என்று சொன்னேன். நான் படம் போடுவது என் விருப்பம். என்னைக் கணக்கெடுக்க உங்களுக்கு அனுமதி இல்லை. தொடங்கும்போது நடுங்கிய குரல், முடியும்போது எனக்கே தெரியாத அளவுக்கு உரத்திருந்தது. கடைக்காரரின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "சும்மா அன்பாக எழுதினேன்," என்று முணுமுணுத்து, அட்டையைத் திரும்ப எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அப்பா சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். பிறகு இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம்.

அதன் பிறகு ஒரு பின்னூட்டமும் வரவில்லை. ஆனால் வரவில்லை என்பதற்காகப் பயம் உடனே போய்விடாது. முற்றத்தில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் நீக்கினேன். இரண்டு மாதம் ஒன்றும் எழுதவில்லை. அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் என் கட்டிலில் தன் பழைய காஞ்சிபுரச் சட்டைகள் நாலைந்தை மடித்து வைத்திருந்தா. கடைக்காரர் அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலேயேதான் இருந்தார். நாங்கள்தான் பாதையை மாற்றினோம்.

அடுத்த தரிப்புக்குப் பன்னிரண்டு நிமிடம் நடக்க வேண்டும். அப்பாவுக்குப் பின்னேரமுறை வேலை இருந்த கிழமைகளில் காலையில் அவரும் கூட வருவார். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, என்னைவிட அரை அடி முன்னால் நடப்பார். ஒரு காலை, பனி கரைந்து றோட்டெல்லாம் சேறாகிக் கிடந்த நேரம், திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"இண்டைக்கு நீ போட்டிருக்கிற இந்தப் பச்சைக்கு, எழுதுறதெண்டால் என்னெண்டு எழுதுவாய்?"

நாலைந்து அடி நடந்த பிறகு சொல்லத் தொடங்கினேன். அந்தத் துணி என்ன, எங்கே கிடைத்தது, ஏன் கழுத்துப் பட்டியை வெட்டி மாற்றினேன் என்று ட்ராம் வரும்வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்பா "ஓம்", "ஓம்" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.