பெஞ்சில் உட்கார்ந்து செய்த ஜெபம்

சபையாரே, நான் உங்கள் முன் இரண்டு காலில் நின்று பேசுகிறேன். நிற்கிறேன் என்பதே என் சாட்சி.

மகாராஜா கோவில் நடைகளை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட்டதற்கு முந்தின வருஷம், மழைக்காலத்தில், என் வலது முழங்காலின்மேல் எலுமிச்சம்பழம் அளவு வீங்கிவிட்டது. நான் பைபிள் ஸ்திரீ. பூதப்பாண்டியைச் சுற்றி மூன்று ஊர்களுக்கு நடந்துபோய், பெண்களுக்கு வேதமும் எழுத்தும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. விதவைக்கு வேறு பிழைப்பு இல்லை. அறுப்பின் பண்டிகைக்குள் நடக்காவிட்டால் வேறொருத்தியை வைப்போம் என்று மிஷனில் சொல்லிவிட்டார்கள்.

உடனே ஊரில் எல்லாரும் வைத்தியர் ஆனார்கள். வாயு என்றார் ஒருவர். அவருக்கு உலகத்தில் எல்லாமே வாயுதான். சந்தையில் ஒரு தைலக்காரன், மூட்டுவலிக்கும் தேள்கடிக்கும் வழுக்கைக்கும் ஒரே குப்பியை நீட்டினான். வெட்கத்தோடு சொல்கிறேன், வாங்கித் தேய்த்தேன். வீக்கம் சிவந்து இன்னும் பெருத்தது.

பிறகு நம்முடைய ஜெபக்கூட்டத் தலைவி நேசம்மாள் அக்கா வந்தார். மணி பார்த்துப் பக்தியை அளக்கிறவர்.

“முட்டு வலிக்கா? அப்ப இன்னும் கூடுதல் நேரம் முட்டுகுத்து, மக்கா. ஒளிச்சு வச்ச பாவம் ஏதோ அங்க கெடக்கு.”

நானும் நம்பினேன். முன்பே தினமும் விடியற்காலையில் கல்தரையில் ஒரு மணி நேரம் முழங்காலிடுவேன். அதை இரண்டு மணி நேரம் ஆக்கினேன். முழங்கால் சுகமாக வேண்டும் என்று அதே முழங்காலைக் கல்லில் போட்டுத் தேய்த்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

ஒருநாள் எழுந்திருக்க முடியவில்லை. தரையிலேயே சரிந்து அழுதேன். “ஆண்டவரே, சுகம் பிறகு தாரும். காரணத்தை முதலில் காட்டும்” என்றேன்.

அன்று காலையிலேயே பதில் வந்தது, மீன் கடவப்பெட்டியோடு. முட்டம் கடற்கரையிலிருந்து வருகிற செபஸ்தியாள். கத்தோலிக்கக்காரி. அவளிடம் மீன் வாங்குவேனே தவிர, நான் கற்றுக்கொள்ள அவளிடம் ஏதாவது இருக்கும் என்று நினைத்ததே இல்லை. கடவத்தை இறக்கிவிட்டு என் முழங்காலை அமுக்கிப் பார்த்தாள்.

“ஏட்டி பைபிளம்மா, தெனம் எவ்வளவு நேரம் முட்டுகுத்துவ?”

“ரெண்டு மணிக்கூர்.”

அவள் சிரித்த சிரிப்பில் மீனுக்கு வந்த காக்கைகள் பறந்துவிட்டன.

“எங்க கோயில்ல நேர்ச்சைன்னு வாசல்லயிருந்து பீடம் வரைக்கும் முட்டுலயே போவாளுவ. அவளுவளுக்கும் இதே கட்டிதான். நாங்க மெழுகுதிரி கொளுத்தினா மூடத்தனம், நீ முட்ட ஒடச்சா பக்தியா?”

அவளே ஒரு வண்டியைப் பிடித்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அங்கே டாக்டரம்மாவும் அதையே சொன்னார். எலும்பில் குற்றமில்லை. முழங்கால் சிரட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சின்னப் பை உண்டு. ஓயாமல் தரையில் அழுத்தினால் அதில் நீர் கட்டும். தைலம் போட்டுத் தேய்த்தது இன்னும் கெடுதல்.

“மூட்டுவலி எல்லாருக்கும் ஒண்ணு இல்ல. ஒருத்திக்கு வயசு, ஒருத்திக்குக் காய்ச்சல். ஒனக்கு ஒன் பிடிவாதம்” என்றார்.

சிகிச்சை ஒரு துணிக்கட்டு, ஈரத்துணி, ஓய்வு. முழங்காற்படியிடவே கூடாது. கொஞ்சங்கொஞ்சமாக வீக்கம் வற்றியது. அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் மூன்று ஊருக்கும் நடந்தேன். என் வேலை என்னிடமே இருக்கிறது. ஸ்தோத்திரம். இப்போது செபஸ்தியாள் வந்தால் முதலில் அவளுக்கு உட்கார ஒரு பலகை போடுகிறேன். மீன் பிறகுதான்.

இன்னும் ஒன்று. போன கூட்டத்தில் எல்லாரும் முழங்காலிட்டபோது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தேன். கண்ணைக் கொஞ்சம் திறந்துவிட்டேன், கர்த்தர் மன்னிப்பாராக. நேசம்மாள் அக்கா பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு பஞ்சுத் தலையணையைக் காலால் இழுத்து, சேலைக்குள் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷமும் நாம் பக்தியாய்க் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம்.

வலிக்கிறவர்களே, ஆண்டவரிடம் உட்கார்ந்து கேளுங்கள், படுத்துக்கொண்டு கேளுங்கள். குனிந்து கேட்கிறவர் அவர். காரணத்தையும் காட்டுவார். யார் வாயால் காட்டவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சட்டம் போடாதீர்கள்.

நேசம்மாள் அக்கா, அந்தத் தலையணை நல்ல தலையணை. அடுத்த கூட்டத்துக்கு எங்கள் எல்லாருக்கும் ஒவ்வொன்று கொண்டுவாருங்கள்.