ஆடி மாதத்தில் புளி வாங்க வந்தவர்

ஆடி மாதத்தில் ஒருவர் புளி வாங்க மலையேறி வந்தார். மாசி பங்குனியில் உலுக்கி, ஓடு உடைத்து, ஜமுனாமரத்தூர் சந்தையில் விற்றுத் தீர்ந்த புளியை. மரங்கள் அப்போதுதான் பூவும் பிஞ்சுமாக நின்றன. அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, அவர் உளவுத்துறை ஆள் என்று. எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கு மட்டும் தெரியவில்லை.

"ஏம்பா யாவாரி, கொட்டை எடுத்ததா, எடுக்காததா, இன்னா வேணும்?" என்று கேட்டாள் அத்தை.

"எதுவா இருந்தாலும் பரவால்லைங்க."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் நடமாடுவதாகப் பேச்சிருந்த வருடம் அது. விசாரணைக்கென்று ஜீப்பில் ஏற்றப்பட்ட பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்தபோது, அவரால் தன் கையால் கஞ்சி குடிக்க முடியவில்லை. என் சித்தப்பாவுக்குத் தாடி இருந்தது. கூலி போதாது என்று சந்தையில் பேசுவார். சந்தேகப்பட வேறென்ன வேண்டும்?

ஊரார் புளி வாங்க வந்தவரிடம் மழையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். மற்றதையெல்லாம் நான் பேசினேன். எனக்கு ஒன்பது வயது. கமர்கட் கொடுத்தார் என்பதற்காகக்கூட இல்லை. நான் சொல்லச் சொல்ல ஒரு பெரிய மனிதர் நோட்டில் எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பெரியவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன். இங்கே உலகம் தலைகீழாகித் தித்தித்தது.

"சனிக்கிழமையானா சித்தப்பா கம்பளி எடுத்துகினு காட்டுக்குள்ள பூடுவாரு. ஞாயித்துக்கிழமதான் வருவாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு."

அடுத்த சனிக்கிழமை அவர் சித்தப்பாவின் பின்னாலேயே ஒளிந்து போனார். ஞாயிறு மாலை சித்தப்பாவின் முதுகில் ஏறி வந்தார். திரும்பும் வழியில் ஓடைப் பாறை வழுக்கி, கணுக்கால் பூசணிப் பிஞ்சாக வீங்கியிருந்தது.

நான்கு நாள் எங்கள் வீட்டில் கிடந்தார். அத்தை ஒத்தடம் கொடுத்தாள், அம்மா சாமைச்சோறு போட்டாள். நான்காம் நாள், தான் யாரென்று சொல்லி, அப்பாவின் முன் நோட்டைப் பிரித்தார்.

"தம்பி காவலூர்ல ஒரு பொண்ணைப் பாக்கத்தாங்க போறாரு. வேலிக்கு இந்தாண்ட இவரு, அந்தாண்ட அது. பேச்சு மட்டுந்தான். நல்லா விசாரிச்சிட்டேன், நல்ல குடும்பம். பொண்ணோட அண்ணன்காரரு அங்க தொலைநோக்கி வெச்சு வானம் பாக்குற எடத்துல வாட்ச்மேன். கேசு, தகராறு ஒண்ணும் கெடையாது."

சித்தப்பா கூரையைப் பார்த்தார். அப்பா நெடுநேரம் தாடையைத் தடவினார்.

"மூணு தலைமுறை விசாரிச்சீங்களா?"

"நாலுங்க."

இந்த மலையில் எந்தப் பெண்ணையும் அவ்வளவு துல்லியமாக யாரும் விசாரித்ததில்லை. பங்குனியில் கல்யாணம். அவரும் வந்திருந்தார். அத்தை ஒரு மூட்டையை அவர் மடியில் வைத்தாள். "இந்தாப்பா யாவாரி, புதுப்புளி. கொட்டை எடுத்தது."

பந்தலே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு வேண்டியிருந்தது. "நான்தான் இவர்கிட்ட சொன்னேன்! சித்தப்பா காட்டுக்குப் போறத நான்தான் சொன்னேன்! இல்லன்னா இந்தக் கல்யாணமே நடந்திருக்காது!"

மறுபடியும் சிரித்தார்கள். நோட்டுக்காரர் மட்டும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சித்தப்பா ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு மணமாலையோடு வந்து என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவர் கை ஏன் என் காலை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தது என்று தெரியாமல், மேலே தொங்கிய மாவிலைகளை நான் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன்.