சூடு ஆறாத கம்பளி

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் தோட்டத்து லய வரிசை வீடுகளில் பேர். நீளம்தான், மறுக்கவில்லை. அதனால் எனக்கு இதுவரை நஷ்டம் ஒன்றும் வந்ததில்லை.

கொட்டகலை மெயின் ரோட்டில், எங்கள் லயத்துக்கு நேர் மேலே மேட்டில், ஒரு டிரைகிளீனிங் கடை இருக்கிறது. பதினொரு வருஷமாக அங்கே மெஷின் என் பொறுப்பு. பழைய துரை பங்களாக்கள் எல்லாம் இப்போது ஹோட்டல்களாகிவிட்டன. அவற்றின் கம்பளியும் கோட்டும் திரைச்சீலையும் எங்களிடம்தான் வரும். தண்ணீர் படக்கூடாத துணி என்பதால் மெஷினில் வேறொரு திரவத்தை விட்டுத் துவைப்போம். டிரம்மில் பெர்குளோரோஎத்திலீன் என்று முழ நீளத்துக்குப் பெயர் எழுதியிருக்கும். நாங்கள் சொல்வது மருந்து. இனிப்பாக ஒரு வாசம் அடிக்கும். எண்ணெய்க் கறையை அது பறக்கடிப்பதைப் பார்த்தால் மரியாதையே வந்துவிடும்.

இந்த ஊர்க் குளிரைச் சொல்ல வேண்டியதில்லை. பனி உள்ளே வராமலிருக்க மெஷின் அறை ஜன்னல்களை ஆணி அடித்தே மூடியிருந்தோம். மெஷினிலிருந்து முதல் கம்பளி வெளியே வந்ததும் சூட்டோடு சூடாக அதைப் போர்த்திக்கொள்வது எங்கள் வழக்கம். ஹோட்டல் வேன் அவசரப்படுத்தினால் முழுக்கக் காய்வதற்கு முன்பே எடுத்துவிடுவோம். என் தங்கை வேலைக்குச் சேர்ந்த அன்று பல் கிட்டிப்போய் நின்றாள். நான்தான் தலையோடு சேர்த்துப் போர்த்திவிட்டேன்.

"இதுக்குத்தாண்டி இங்க வேலைக்கு வர்றது" என்றேன்.

"சொர்க்கம்க்கா" என்றாள்.

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து அவள் உண்டானாள். லயமே கொண்டாடியது. ஆனால் கடைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் ஒன்றுமில்லை. "வேலைன்னா மட்டும் வருதா மகாராணிக்கு மசக்கை?" என்று கேலி செய்தேன். எங்கள் எல்லோருக்கும் சாயங்காலமானால் தலை சுற்றும், வெளியே போய் நின்றால் சரியாகிவிடும். பனி தலையில் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

நாலாம் மாதம், நாங்கள் வேலை முடிந்து வந்த நேரத்தில் மிட்வைஃப் மிஸ் அவளைப் பார்க்க வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"தலையில என்ன வாசம் இது?"

"கடை மருந்து மிஸ். குளிருக்குக் கம்பளி போர்த்திக்குவோம்."

"மெஷின்ல இருந்து எடுத்ததையா? ஐயோ கடவுளே! யாரு பழக்கிவிட்டது?"

பழக்கிவிட்டது நான்தான். தங்கையின் தலைமுடியை நானும் முகர்ந்து பார்த்தேன்.

தலைவலியையும் கிறுகிறுப்பையும் பற்றிக் கேட்டுவிட்டு, அது மசக்கை இல்லை என்றார் மிஸ். அந்த ஆவி மூச்சில் ஏறி இரத்தத்துக்குப் போகும், பிள்ளைக்கும் போகும். கரு கலையக்கூட இடமுண்டு. வருஷக்கணக்கில் சுவாசித்தால் ஈரலும் சிறுநீரகமும் கெடும், புற்றுநோய் பயமும் உண்டு. மிச்சக் கசடை எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்டார். கடைக்குப் பின்னால் குழியில் என்றேன். அது தண்ணீரைவிடக் கனம், மண்ணுக்குள் இறங்கி வருஷக்கணக்காகக் கிடந்து ஊற்றுத் தண்ணீரோடு கலக்கும் என்றார். குழிக்குக் கீழேதான் ஊற்றுத் தண்ணீர் குழாயாக விழும் பீலி; நாங்கள் குடிதண்ணீர் பிடிப்பது அதில்தான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ரெண்டு தங்கல மிஸ்."

"இந்தக் கடையில இருந்தப்பவா?"

தலையாட்டினேன்.

"அதுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார்.

மறுநாள் காலை மெஷினைப் போடவில்லை. சுத்தியலை எடுத்து ஜன்னல் ஆணிகளைப் பிடுங்கினேன். சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார்.

"என்னம்மா, எல்லாரையும் குளிர்ல சாகடிக்கவா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"முப்பது வருஷமா இதே கடையில உக்காந்திருக்கேன். எனக்கு என்ன ஆயிருச்சு?"

"நீங்க வாசல்ல காத்தோட்டமா உக்காந்திருக்கீங்க மொதலாளி. ஒருநாள் உள்ள வந்து நில்லுங்க பார்ப்போம்."

அவர் நிற்கவில்லை. நான் விடவுமில்லை. தங்கை இனிக் கடைக்கு வரமாட்டாள், பிள்ளை பெற்று எழுந்ததும் வேறு வேலை கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காயாத துணியை எடுக்கமாட்டேன். குழியில் ஒரு சொட்டு ஊற்றமாட்டேன்.

"இல்லன்னா?"

"இல்லன்னா நீங்களே ஓட்டுங்க."

அவருக்கு மெஷினில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. மத்தியானம் ஹோட்டல் வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஹாரனுக்கு, "சரி தாயே, நீ சொல்றபடியே நடக்கட்டும்" என்றார். அந்த மாதமே சுவரில் ஆவியை வெளியே இழுக்கும் காற்றாடி வந்தது. கசடு மூடி போட்ட டிரம்மில் சேர்ந்து கொழும்பு லாரியில் போகிறது.

ஆனால் தங்கை அதுவரை சுவாசித்ததை யார் திரும்ப எடுப்பது? ஊற்றியது ஊற்றியதுதானே, கீழ்ப் பீலியை யாரும் தொட வேண்டாம் என்று லயம் முழுக்கச் சண்டை போட்டு நிறுத்தினேன். கடைக்கு மேலே, பங்களா பக்கத்துப் பீலியிலிருந்து அவளுக்குத் தினமும் இரண்டு குடம் நானே சுமந்தேன். ஒவ்வொரு நாளும் குடத்தை இறக்கிவைத்து, "அசையுதாடி?" என்று கேட்பேன். "ஆமாக்கா, ஒங்கள மாதிரி அடங்காத புள்ள" என்பாள்.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியையே கூட்டுகிற அழுகை. நர்ஸ் என் கையில் கொடுத்து, "பெரியம்மாவா? நல்லாப் பாருங்க, ஒரு குறையும் இல்ல" என்றார். நான் விரல்களைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். தங்காமல் போன அந்த இரண்டுக்கும் நான் அதுவரை அழுததே இல்லை.