கழுத்தில் வைத்த சுதி

என் அம்மாவின் குரல் கம்மியது ஒரு சாவு வீட்டில். அதனால்தான் யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை.

ஆரணியிலிருந்து படவேடு போகும் பக்கம் உள்ள ஒரு சிறிய ஊர் எங்களுடையது. அம்மாவும் அப்பாவும் அங்கே நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை) பயிர் வைத்தார்கள். அம்மாவின் பெயர் பச்சையம்மாள். சுற்றுப்பட்ட ஊர்களில் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு முதலில் அவளைத்தான் தேடுவார்கள். அவள் கூலிக்குப் பாடுகிறவள் அல்ல. நன்றாகப் பாடுகிறவள், அவ்வளவுதான்.

ஒப்பாரி பாடிய பெண்களுக்கு மறுநாள் தொண்டை கட்டிக்கொள்ளும். கற்கண்டையும் மிளகையும் வாயில் அடக்கிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். கருமாதிக்குள் குரல் திரும்பிவிடும். அந்த முறையும் எல்லோருக்கும் திரும்பியது. அம்மாவுக்கு மட்டும் திரும்பவில்லை. அதற்குள் இன்னொரு சாவு வந்தது. அங்கும் போய்ப் பாடினாள். அதன் பிறகு வேறொன்று. தெளியாத கம்மலுக்கு ஒவ்வொரு புதுச் சாவும் காரணமாகிக்கொண்டே போனது. நடுவில் மல்லாட்டைக் கொல்லையில் காட்டுப்பன்றி விரட்டக் கத்தியதையும் சேர்த்துக்கொண்டோம்.

இதைப் படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் தெளியவில்லை என்றால், காரணம் எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி ஆரணிக்கு வந்த நாளிலிருந்து கணவரோடு பட்டுத்தறி நெய்கிறேன். நாலு பேர் கூடியிருந்தால் எனக்கு நாக்கு எழாது. அம்மாவுக்கு இது தீராத வருத்தம்.

"என் வவுத்துல பொறந்து உனக்கு வாயி எங்கடி போச்சு? வயல்லியே வுட்டுட்டு வந்துட்டனா?" என்பாள்.

அவளுக்குப் பாட்டு என்பது ஒப்பாரி மட்டும் இல்லை. வரப்பில் ரேடியோவை வைத்துவிட்டுத்தான் களை எடுக்க இறங்குவாள். ஊரில் கூத்து நடந்தால், எல்லோரும் கிரீடத்தையும் ஆட்டத்தையும் பார்ப்பார்கள். அவள் ஆர்மோனியக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். ராகத்தின் பெயர் எதுவும் தெரியாது. எல்லா மெட்டுக்கும் அவளே பெயர் வைத்திருந்தாள். ஒன்று களை எடுக்கிற மெட்டு. ஒன்று மழை வராத மெட்டு. இன்னொன்று மாமியார் மெட்டு. அதைப் பாடினால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

கம்மல் தெளியாமலே போகவும், கடைசியில் அம்மாவை வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் காட்டினோம். மூக்கு வழியாகக் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள். பிறகு பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனை) செய்தார்கள். முடிவு வந்த அன்று மருத்துவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். நடுத்தர வயதுப் பெண்மணி. வார்த்தைகளை மறைக்காமல் சொன்னார்.

"புற்றுநோய்தான். குரல்வளையைத் தாண்டி வெளியில வந்திருக்கு. கதிர் சிகிச்சை மட்டும் போதாது. குரல்வளையை முழுசா எடுத்துடணும். கழுத்துல ஒரு துளை இருக்கும். அதுக்கப்புறம் மூச்சு அது வழியாத்தான்."

"எடுத்துட்டா பேசுவாளாங்க?" என்று அப்பா கேட்டார்.

"பழைய மாதிரி முடியாது. வேற வழியில பேசக் கத்துக்கலாம்."

"அவ பாடறவங்க, டாக்டரம்மா."

மருத்துவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "பாட முடியாதுங்க" என்றார்.

வெளியே நடைவழியில் வரிசையாக நாற்காலிகள். அப்பா உட்காரவில்லை. சுவரைப் பார்த்து நின்றபடி, "வாணாம். இருக்கிற வரைக்கும் பாடிகினு இருக்கட்டும்" என்றார். என்னிடம் சொல்வதுபோலச் சொன்னாலும், அது அம்மாவுக்குச் சொன்னதுதான். எனக்கும் அதில் பாதி மனம் இருந்தது. குரல் இல்லாத அம்மாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அம்மா அந்தக் கிழிந்த குரலில் சொன்னாள்: "இன்னாய்யா, நான் பாடறது உனக்குப் புடிக்கும்னு இத்தினி வருசம் கழிச்சு இன்னைக்குதான் சொல்ற. பாட்டு என் தொண்டையிலதான் குந்திகினு கீதுன்னு யாரு சொன்னது? போய் எடுக்கச் சொல்லு. ஜல்தியா."

பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா மருத்துவரின் அறைக்குத் திரும்பிப் போனார்.

அறுவைக்கு முன்னால் அவள் பாட்டைப் போனில் பதிவு செய்துகொள்ளலாம் என்று என் கணவர் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் உசுரோட முன்னால குந்தியிருப்பேன், நீங்க பொட்டியப் போட்டுக் கேட்டுகினு மூக்கு சிந்துவீங்களா? பேஜாரு புடிச்ச வேல" என்றாள். மீதி இருந்த நாட்களில் மல்லாட்டைக்குக் களை எடுத்து முடித்தாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. நல்லபடியாக என்றால் என்ன என்பதை இதே நிலையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் உணவு. இருமல் வாயில் வராது, கழுத்தில் வரும். வாசனை பெரும்பாலும் போய்விடும். சூடான கஞ்சியை ஊதிக் குடிக்க முடியாது, ஊதும் காற்று வாய்க்கு வருவதில்லை. குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது. கிணற்றில் இறங்கவே கூடாது. துளையின் மேல் எப்போதும் ஈரமான மெல்லிய துணி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சளி காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

துளையைச் சுத்தம் செய்ய நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் என் கை பாதியிலேயே நின்றுவிட்டது. பட்டு இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும் முன் விரலுக்குத் தெரிந்துவிடும் கை இது. அந்தக் கைதான் அம்மாவின் கழுத்தைத் தொடப் பயந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, தானே துளையின் அருகே கொண்டுபோனாள். விரல் மேல் வெதுவெதுப்பாக அவள் மூச்சு பட்டது. அதன் பிறகு பயம் இல்லை.

கதிர் சிகிச்சையும் முடிந்து ஊருக்கு வந்ததும் பெண்கள் பார்க்க வந்தார்கள். அம்மாவோடு ஒப்பாரிக்குப் போகும் கோவிந்தம்மா அக்காதான் முன்னால் வந்தாள். அம்மாவின் கழுத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தார்கள். கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, தோள் மேல் கை போட்டுக்கொண்டு, போன குரலுக்கு முறைப்படி ஒப்பாரி எடுத்துவிட்டார்கள். உயிரோடு இருப்பவள் எதிரில்.

நான் பதறிப்போனேன். அம்மா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சோற்றுத் தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டினாள். பாட்டு நின்றது. அவள் உள்ளங்கையைத் தரையிலிருந்து மெல்ல மேலே தூக்கிக் காட்டினாள். திரும்பவும் தூக்கினாள்.

கோவிந்தம்மா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "அடிப்பாவிங்களா, நாம அழுவறது அவளுக்குப் பிரச்சினை இல்லடி. சுதி எறங்கிப்போச்சாம்" என்றாள்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அம்மாவும் சிரித்தாள். சத்தம் இல்லாத சிரிப்பு. துணி மட்டும் கழுத்தில் படபடத்தது. பிறகு கரண்டியை வாசல் பக்கம் நீட்டி எல்லோரையும் கிளம்பச் சொல்லிவிட்டாள்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார்கள். அந்தப் பெண் ஒரு குரல் கருவியைக் காட்டினாள். டார்ச் லைட் அளவு இருக்கும். பொத்தானை அழுத்திக் கழுத்தில் வைத்தால் அதிர்கிறது. அந்த அதிர்வு வாய்க்குள் போகிறது. உதட்டையும் நாக்கையும் அசைத்தால் சொல்லாகிறது. பயிற்சியாளர் தன் மூச்சை நிறுத்திக்கொண்டு தன் கழுத்திலேயே வைத்துக் காட்டினாள். "வணக்கம்" என்று ஓர் இயந்திரக் குரல் வந்தது.

"இப்ப நீங்க 'அம்மா'ன்னு சொல்லுங்க பாக்கலாம்."

அம்மா வைத்து அழுத்தினாள். சொல்லவில்லை. தலையைச் சாய்த்து அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் சுளித்தது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக வந்தது: "சு-தி சரி-யில்ல."

பயிற்சியாளர் சிரித்துவிட்டாள். அடிப்பக்கம் ஒரு சிறிய திருகு இருக்கிறது, திருகினால் சத்தம் ஏறும் இறங்கும் என்று காட்டினாள். அன்று முழுக்க அம்மா அதையே திருகிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போதும் திருகினாள். முன் சீட்டுக்காரர் ஈ என்று நினைத்துத் துண்டை வீசினார்.

"அம்மா, இது பேசறதுக்குதான். பாடறதுக்கு இல்ல. ஒரே சத்தம்தான் வரும்" என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தாள். அம்மா அதற்குச் சொன்ன பதில்: "யா-ரு சொன்-னது."

அவள் எதற்காக அதைத் திருகினாள் என்று நடவு வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவள் வயலில் இறங்கக் கூடாது. வழுக்கி விழுந்து துளைக்குள் தண்ணீர் போனால் உயிருக்கு ஆபத்து. வரப்பில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். பெண்கள் நாற்று முடியைப் பிரித்துக்கொண்டு நின்றார்கள். பாட்டை எப்போதும் எடுத்துக்கொடுப்பவள் அம்மா. யார் எடுப்பது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மா கருவியைக் கழுத்தில் வைத்தாள். ஒரே சத்தம். ஏறாமல், இறங்காமல், நின்றது.

கோவிந்தம்மா அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ஆர்மோனியத்துல சுதி வெக்கிறா மாதிரி கீதுடி" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்கினாள். பெண்கள் பின்பாட்டு எடுத்தார்கள்.

அடுத்து அம்மா உதட்டை மட்டும் அசைத்துப் புது அடி சொன்னாள். அக்கா அதைப் படித்துப் பாடினாள்.

"கத்தி புடிச்ச டாக்டரம்மா, என் கழனிக்கு வா நாத்துப் புடிக்க..."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் சொன்னது வேறு. ஆனால் எல்லோருக்கும் அதுவே பிடித்துவிட்டது. தூரத்து வரப்பில் மண்வெட்டியோடு இருந்த அப்பா, மடை திறந்தது திறந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

தூரத்து உறவில் ஒரு மாமா வந்து சத்தம் போட்டார். "நல்ல காரியத்துல இன்னா இது மிசினு சத்தம்? அடக்கமா வூட்ல கெடக்கக் கூடாதா?"

அம்மா கருவியை இன்னும் அழுத்தினாள். "எட்-டி நின்-னு கே-ளு" என்றாள்.

இப்படி மூன்று நடவு பார்த்தாள். நோய் போய்விட்டது என்று நான் எழுத விரும்புகிறேன். போகவில்லை. நுரையீரலில் வந்தது. மருத்துவர் இந்த முறையும் மறைக்கவில்லை. வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்தார். ஆனால் அந்த மூன்று நடவும் மிச்சத்தில் வந்தவை அல்ல. அவள் எடுத்துக்கொண்டவை. குரலை விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் அவை கிடைத்திருக்காது. குரல் போனால் வாழ்வே போனது என்று உங்களிடம் யாராவது சொன்னால், நம்பாதீர்கள். நானும் என் அப்பாவும் நம்பத்தான் இருந்தோம். அவள் விடவில்லை.

அம்மா ஒரு பகல் பொழுதில், வீட்டில், அப்பாவின் கை மேல் தலை வைத்தபடி போனாள்.

எங்கள் பக்கம் தாய்க்கு ஒப்பாரியை மகள்தான் முதலில் எடுக்க வேண்டும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. வாசலில் ஊரே நின்றது. கோவிந்தம்மா அக்கா எனக்காகத் தானே எடுத்தாள். முதல் அடியிலேயே குரல் உடைந்தது. மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். சுதி இறங்கிக்கொண்டே போனது. ஊரில் எத்தனையோ சாவுக்குப் பாடியவளின் சாவில் பாட்டு கலைந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கிக் காட்ட அவள் இல்லை.

கருவி சன்னல் மாடத்தில் இருந்தது. நான் எழுந்துபோய் எடுத்தேன். திருகு அம்மா வைத்த இடத்திலேயே இருந்தது. வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்து என் கழுத்தில் வைத்து அழுத்தினேன்.

அதிர்வு தாடையில் ஏறியது, பல்லில் ஏறியது, காதுக்குப் பின்னால் எலும்பில் போய் நின்றது. கோவிந்தம்மா அக்கா கண்ணை மூடி அதைப் பிடித்தாள். ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். பாட்டு எழுந்தது.

அந்த மாமா வாசலிலிருந்து உள்ளே வந்தார். "சாவு வூட்ல இன்னாம்மா இது வெக்கக்கேடு? நிறுத்து அத."

பேச வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கருவி கழுத்தில் இருந்தது, உதடு அசைந்தது. "எட்-டி நின்-னு கே-ளுங்க மாமா."

வந்தது என் குரல் அல்ல. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது யாருடையது என்று தெரிந்தது. அப்பா நிமிர்ந்து பார்த்தார். மாமா வாசலுக்குப் போய் நின்றார். பாட்டு நிற்கவில்லை.

இப்போதும் நான் தறியில்தான் இருக்கிறேன். முன்பெல்லாம் நாள் என்பது சேலை எத்தனை முழம் வளர்ந்தது என்பதுதான். இப்போது நடவுக்கும் நடவுக்கும் நடுவில் இருப்பதே எனக்குக் காலம். நடவு வந்தால் கோவிந்தம்மா அக்கா போன் செய்வாள். "சுதிய எடுத்துகினு வாடி" என்பாள். சுதி என்று அவள் சொல்வது கருவியையா என்னையா என்று நான் கேட்டதில்லை. போய் வரப்பில் நிற்கிறேன்.

மற்ற நாட்களில், இழை அறுந்து தறி நிற்கும்போது, கழுத்துக் குழியில் விரலை வைத்துப் பார்க்கிறேன். எனக்கு அங்கே துளை இல்லை. ஆனாலும் உள்ளே மூச்சு போய் வருவது விரலுக்குத் தெரிகிறது. இத்தனை வயது வரை அது அங்கே போய் வந்துகொண்டிருந்ததை நான் கவனித்ததே இல்லை. சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு, இழையை முடிந்து, மறுபடியும் மிதிக்கிறேன்.